இரண்டு நாள் பிந்தியது யாரால்?

கேள்வி: எனக்கு வயது 23. பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுக்கிறார். ஏ.எல். முடித்து அனிமேஷன் டிப்ளோமாவும் செய்திருக்கிறேன். கொழும்பில் ஒரு ஸ்டூடியோ சோதனை வேலை தந்தது. அம்மா வீட்டு வேலை சொல்லிக்கொண்டே இருந்ததால் இரண்டு நாள் பிந்தித்தான் அனுப்ப முடிந்தது. ஆனாலும் எடுத்துவிட்டார்கள். ஆனால் தருவது இன்-பிட்வீன் வேலை. வேறொருவர் வரைந்த படங்களுக்கு நடுவே படம் போட வேண்டும். எனக்கோ கெரக்டர் டிசைன்தான், அதாவது பாத்திரங்களின் உருவத்தை வடிவமைப்பதுதான் விருப்பம். சம்பளமும் போடிங்கிற்கே சரியாகிவிடும். நல்லது வரும்வரை காத்திரு என்கிறார் மாமா. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, உங்களைப் போல எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் முதல் நாளே பெரிய நாற்காலி வேண்டும். உங்கள் திறமையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பார்த்தவர்கள் வேலை தந்திருக்கிறார்கள், அது போதும்.

போய்ச் சேருங்கள். ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 12 படம் வேண்டும். கீ, அதாவது அசைவின் முக்கியமான படங்கள், வரைகிறவர் அந்தச் சிலதைத்தான் தருவார்; நடுவில் உள்ள மிச்சம் உங்களுடையது. ஒருவன் தலையைத் திருப்புகிறான் என்று வையுங்கள். இடப்பக்கம் பார்க்கும் முகம் ஒன்று, வலப்பக்கம் பார்க்கும் முகம் ஒன்று. நடுப்படத்தை அளவெடுத்துச் சரிபாதியில் போட்டால் நாடி நேர்கோட்டில் நழுவும், உயிர் இருக்காது. நிஜத்தில் தலை திரும்பும்போது நாடி சற்றுத் தாழ்ந்து எழும். எந்தப் படம் எதற்குக் கிட்ட நிற்க வேண்டும் என்று கீ வரைந்தவர் ஓரத்தில் கீறிவைத்திருப்பார். அதைப் படிக்கத் தெரிய வேண்டும். இதைத் திரும்பத் திரும்பப் போட்டவருக்குத்தான் எப்படிப்பட்ட கெரக்டர் அசையும், எது அசையாது என்று கை சொல்லும். அசைக்கவே முடியாத அழகான கெரக்டரை வரைந்து தருகிற டிசைனரை ஸ்டூடியோவே திட்டும்.

புகழ்பெற்ற அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி 1963இல் ஜப்பானின் தோயெய் அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்தது இதே வேலைக்குத்தான். அந்த இடத்தில் இருந்தபடியே ஒரு கலிவர் படத்தின் முடிவுக்கு யோசனை சொன்னார், ஏற்றுக்கொண்டார்கள். படம் 1965இல் வந்தது.

இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். இரண்டு நாள் பிந்தியதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பழியையும் அம்மாவின் தலையில் போட்டுவிட்டீர்கள். அப்படி என்ன வேலை சொன்னார்? தண்ணீர் எடுக்கச் சொல்லியிருப்பார், விறகு கொத்தச் சொல்லியிருப்பார், கடைக்குப் போய்வரச் சொல்லியிருப்பார். மலையில் ஏறி இறங்கி, கொழுந்து நிறுத்துவிட்டு, நனைந்த சீலையோடு அவர் லயத்துக்கு வந்து சேரும்போது, வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒருவர் இருந்தால் குடம் நிறைந்திருக்க வேண்டும். அவர் வாய்விட்டுச் சொல்லும்வரை இருந்ததே பிழை. ஆம்பிளைப் பிள்ளை என்று செல்லம் கொடுத்ததில் அம்மாவுக்கும் பங்கு இருக்கும்; அதை அவரோடு வேறொரு நாள் பேசிக்கொள்கிறேன்.

அம்மாவின் வேலையில் குறித்த கிலோ நிறையாவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். "மகன் படுத்திய பாடு" என்று அவர் என்றைக்காவது கணக்கப்பிள்ளையிடம் காரணம் சொன்னதுண்டா?

ஸ்டூடியோவிலும் உங்கள் படம் வந்தால்தான் கிளீன்-அப் செய்பவர் கோட்டைத் துப்புரவாக்குவார். அதற்குப் பிறகு நிறம், பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கும் கம்போசிட்டிங். நீங்கள் பிந்தினால் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். புதியவரிடம் யாரும் பெரிய கலையைத் தேடுவதில்லை. சொன்ன நேரத்துக்கு வந்ததா, ஃபைலுக்குச் சொன்ன பெயர் இருக்கிறதா, திருத்தச் சொன்னால் முகம் சுளிக்காமல் திருத்துகிறாரா என்று பார்ப்பார்கள். இந்த முறை விட்டுக்கொடுத்தார்கள். சேர்ந்த பிறகு விடமாட்டார்கள்.

சம்பளக் கவலை நியாயமானது. நியமனக் கடிதம் கேளுங்கள். மாதச் சம்பளமா, படக்கணக்கா என்பது எழுத்தில் இருக்கட்டும். மாதச் சம்பளம் என்றால் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பற்றிக் கேட்க வெட்கம் வேண்டாம்: உங்கள் பங்கு 8 சதவீதம், அவர்கள் பங்கு 12 சதவீதம். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம் முழுக்க அவர்களுடையது, உங்கள் சம்பளத்தில் வெட்டக் கூடாது. விளங்காவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள், எனக்கு எழுத வேண்டியதில்லை.

மாமா காத்திருக்கச் சொல்கிறாராம். அந்த மாதங்களுக்கு வீட்டுக்கு அரிசி வாங்கித் தருகிறாரா? தந்தால் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

கெரக்டர் டிசைனை விடச் சொல்லவில்லை, இரவில் செய்யுங்கள். வரையவும் அசைக்கவும் உதவும் மென்பொருள்களான கிரிட்டாவும் பிளெண்டரும் இலவசம். கொழும்புக்குப் போகுமுன் ஒரு நாள் அம்மாவோடு மலைக்குப் போய், கொழுந்தைப் பிடுங்கித் தோளுக்குப் பின்னால் போடும்போது எது முதலில் அசைகிறது, கையா தோளா என்று பார்த்து வரையுங்கள். கூடவே கூடையையும் கொஞ்ச தூரம் தூக்குங்கள்.

ஸ்டூடியோவுக்கு இன்றே பதில் போடுங்கள். சேருகிறேன் என்று ஒரு வரி, சோதனை வேலை பிந்தியதற்கு மன்னிக்கவும் என்று ஒரு வரி. காரணம் எழுத வேண்டாம்.