சிங்கப்பூர் சண்டைக்குத் தஞ்சாவூரில் வழக்கா?

கேள்வி: நானும் மனைவியும் சிங்கப்பூரில் இருந்தோம். தஞ்சாவூரில் தாய் வீட்டுக்குப் போனவர், மகளிர் காவல் நிலையத்தில் வரதட்சணைக் கொடுமை என்று புகார் கொடுத்துவிட்டார். எல்லாம் பொய். என் வயதான அம்மாவையும் சேர்த்திருக்கிறார். சண்டை நடந்ததெல்லாம் சிங்கப்பூரில். இங்கே வழக்கு செல்லுமா? வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீசுக்கு நான் பதில் போடவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வரலாமா?

பதில்: எது பொய் என்பதைக் கோர்ட்டில் பேசிக்கொள்ளலாம். நீங்கள் இந்தியக் குடிமகன்; வெளிநாட்டில் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கும் இந்தியச் சட்டம் பொருந்தும். மத்திய அரசின் முன் அனுமதி (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் பிரிவு 208, பழைய சட்டத்தில் 188) கோர்ட்டில் நடக்கும் வழக்கு விசாரணைக்குத்தான் வேண்டும், போலீஸ் புலன் விசாரணைக்கு வேண்டாம் என்று தோட்டா வெங்கடேஸ்வரலு வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் கொடுமை நடந்ததாகச் சொன்ன இடம் போட்ஸ்வானா. கல்யாணத்தின்போது ஊரிலேயே நகை கேட்டதாகப் புகாரில் இருந்தால், அந்த அனுமதிப் பேச்சும் பெரிதாக உதவாது.

வாட்ஸ்அப் நோட்டீஸ் முறையானதல்ல என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதை நம்பிச் சும்மா இருந்தவர்கள் விமான நிலையத்தில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். தலைமறைவு என்று எழுதி, எஸ்.பி. வழியாக லுக் அவுட் நோட்டீஸ் (விமான நிலையத்தில் ஆளை நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு) போட்டுவிடுவார்கள். அது உங்களுக்குத் தெரியவருவது திருச்சியில் இமிகிரேஷன் கவுன்டரில்தான். அன்று ஜாமீன் கிடைத்தாலும் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொன்னால் சிங்கப்பூர் வேலை என்ன ஆகும்?

வராமலே இருந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். பிடிவாரன்ட் இருந்தால் பாஸ்போர்ட்டையே முடக்கலாம். ஆள் இல்லாமல் விசாரித்து முடிக்கும் பிஎன்எஸ்எஸ்-ஸின் புதிய 356-வது பிரிவு, பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான். உங்கள் மேல் உள்ளது மூன்றாண்டுப் பிரிவு. ஆகவே உங்களைத் தனியாகப் பிரித்து நிலுவையில் வைத்துவிட்டு, உங்கள் அம்மாவை மட்டும் வாய்தாவுக்கு வாய்தா அலையவிடுவார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

இப்போது டிக்கெட் போடாதீர்கள். உங்கள் முகவரியோடு வக்கீல் மூலம் விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் பதில் அனுப்புங்கள். உங்களுக்கும் அம்மாவுக்கும் முன்ஜாமீன் வேலையைத் தொடங்குங்கள்.

சேர்ந்து வாழும் எண்ணம் இருவருக்கும் இல்லையென்றால், பேசி முடியுங்கள். அவர் நகை அவருக்குச் சொந்தம். அதைத் திருப்பிக் கொடுப்பதில் பேரம் வேண்டாம். ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்கும் சமாதானத்தால் மட்டும் இந்த வழக்கு முடியாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பிஎன்எஸ்எஸ் 528-வது பிரிவின் கீழ் இருவரும் சம்மதம் சொல்லி வழக்கை ரத்து செய்யும் உத்தரவு வாங்க வேண்டும். பேசிய தொகையின் கடைசித் தவணையை அந்த உத்தரவு வரும் நாளில் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.