ஆறடிக்கு ரெண்டரை அடி இடம், அதுல நம்ம ஊரு ரயில்

மாடல் ரயில் பத்தி வந்த கேள்விங்கள்ல இந்த தடவ நாலு எடுத்திருக்கேன். நாலுமே வடசென்னை. நானா பொறுக்கி எடுக்கல, தண்டவாளத்துக்கு பக்கத்துல வளர்ற பசங்களுக்கு இந்த கிறுக்கு கொஞ்சம் ஜாஸ்தியா தான் பிடிக்குது போல.

தண்டையார்பேட்டை வாசகர்: அண்ணே, மாடி ரூம் பத்துக்கு எட்டு, அதுல பாதி துணி காயப்போடவும் அம்மாவோட தையல் மெஷினுக்கும் போயிடுச்சு. எனக்குன்னு கெடைச்சது ஆறடிக்கு ரெண்டரை அடி. ஹெச்ஓ வாங்கறதா, என் ஸ்கேல் வாங்கறதா? ஓட்டுனா எல்ஹெச்பின்ற புது டைப் பெட்டி போட்ட நம்ம ஊரு எக்ஸ்பிரஸ் தான் ஓட்டணும், ரவுண்டு ரவுண்டா.

தம்பி, "என் ஸ்கேல் வாங்கறதா"ன்னு படிச்சதும் ஒரு செகண்ட் உங்க ஸ்கூல் டப்பால இருந்த ஸ்கேல் பத்தி கேக்கறீங்கன்னு நெனச்சுட்டேன். மத்தவங்களுக்கு சொல்லிடறேன், ஹெச்ஓ (HO), என் (N) ரெண்டும் மாடல் ரயிலோட சைஸ் பேரு. விஷயத்துக்கு வரேன். எல்லாரும் பண்ற தப்பத்தான் நீங்களும் பண்றீங்க, முதல்ல வண்டிய முடிவு பண்ணிட்டு அப்புறம் இடத்த பாக்கறீங்க. முதல்ல பாக்க வேண்டியது வளைவு. ரூம்ல ஓடற ரயிலுக்கு நேர் ரோடு பிரச்சனையே இல்ல, திரும்பறது தான் பிரச்சனை.

ஹெச்ஓன்னா 1:87, அதாவது நிஜ வண்டில 87ல ஒரு பங்கு. அதுல சாதாரணமா செட்டோட வர்ற வளைவு 18 இன்ச் ரேடியஸ், அதாவது 457 மிமீ. அரைவட்டம் போட்டு திரும்பி வரணும்னா டிராக் நடுவுக்கு நடுவே 914 மிமீ ஆயிடும், ஓரத்துல வண்டி கீழ விழாம இருக்க ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டா ஒரு மீட்டர். உங்ககிட்ட இருக்கறது ரெண்டரை அடி, 762 மிமீ. முடிஞ்சுது கதை. சரி இடமே இருந்தாலும் எல்ஹெச்பி பெட்டி நிஜத்துல 24 மீட்டர், ஹெச்ஓல கிட்டத்தட்ட 27.6 செமீ வரும். ஒரு பெட்டி பாக்க அழகா திரும்பணும்னா பெட்டி நீளத்த போல மூணு மடங்கு ரேடியஸ் வேணும்னு ஒரு கைக்கணக்கு உண்டு, அப்படி பாத்தா 80 செமீக்கு மேல. 18 இன்ச் வளைவுல அந்த பெட்டிய விட்டீங்கன்னா எண்ணூர் ரோட்ல இருந்து கன்டெய்னர் லாரி சந்துக்குள்ள திரும்புற மாதிரி மூலை ஒரு பக்கம் நடு ஒரு பக்கம்னு தள்ளிக்கிட்டு நிக்கும், பாதி நேரம் தடம் புரளும்.

என் ஸ்கேல்ல (1:160, டிராக் அகலம் 9 மிமீ) அதே பெட்டி 15 செமீ தான். கேட்டோன்ற ஜப்பான் கம்பெனியோட யூனிடிராக்ல 282, 315 மிமீன்னு ரெண்டு வளைவு இருக்கு, ரெண்டையும் போட்டா ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு லூப் உங்க பலகைல உக்காந்து ஓரத்துல ரெண்டு ரெண்டு இன்ச் மிச்சமும் இருக்கும். மூணு மடங்கு கணக்குக்கு இதுவும் குறைச்சல் தான், ஆனா ஓடும். பழைய பாத்ரூம் ஃபிளஷ் டோர் ஒண்ணு கெடைச்சா அதையே பலகையா போட்டுடலாம், வெளிநாட்லயும் என் ஸ்கேல்காரங்க கதவு மேல தான் லேஅவுட் கட்டுறாங்க.

இப்ப கெட்ட செய்தி. நம்ம ஊரு பெட்டி, நம்ம ஊரு இன்ஜின்னு மாடல் பண்றவங்க பெரும்பாலும் ஹெச்ஓல தான் பண்றாங்க. என் ஸ்கேல்ல ரெடிமேடா வாங்கறது ஜப்பான் வண்டி, அமெரிக்கா வண்டி, ஐரோப்பா வண்டி தான். ஆக உங்களுக்கு ரவுண்டு வேணுமா, நம்ம ஊரு வேணுமா, ஒண்ண தான் எடுக்க முடியும்.

என்ன கேட்டா ரவுண்ட விட்டுடுங்க. எக்ஸ்பிரஸயும் தான், திட்டாதீங்க. லூப்ல சுத்தற ரயில் பத்து நிமிஷத்துல போரடிச்சுடும், இத நான் அனுபவப்பட்டு சொல்றேன். நீங்க இருக்கற ஊர பாருங்க, தண்டையார்பேட்டை யார்டு, டீசல் ஷெட், ஹார்பருக்குள்ள போற லைன், நாள் பூரா கூட்ஸ் வண்டிய முன்ன பின்ன இழுத்துக்கிட்டு இருக்கறத பாத்து வளர்ந்தவர் நீங்க. அதையே பண்ணுங்க. ஆறடி நீளம், ஒரு அடி அகலம் போதும், மிச்ச ஒன்றரை அடிய அம்மாகிட்ட திருப்பி குடுத்தா வீட்ல மரியாதை வேற. ஹெச்ஓல பாக்ஸ்என் வேகன் (மேல மூடி இல்லாத கூட்ஸ் பெட்டி) ஒண்ணு 12.3 செமீ தான், டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின் 20 செமீக்கு உள்ள. பீகோ கம்பெனியோட சின்ன பாயிண்ட் (லைன் ரெண்டா பிரியற இடத்துல போடற டிராக்) ஒண்ணு 18.5 செமீ. ரெண்டு பாயிண்ட் போட்டு இன்ஜின் சுத்தி வந்து பின்னாடி மாட்டிக்கற மாதிரி ஒரு லைன், இன்னொரு பாயிண்ட்ல வேகன் நிறுத்த ஒரு சைடிங், நாலு வேகன். எந்த வேகன எங்க விடணும்னு மண்டைய உடைச்சுக்கிட்டே ஒரு சாயங்காலம் ஓடிடும், இதுல எவ்ளோ சின்ன வளைவுன்ற கவலையே கிடையாது.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, தரையில சாக்பீஸால டிராக்க முழு அளவுல வரைஞ்சு, காலண்டர் அட்டைய இன்ஜின் அளவுக்கும் வேகன் அளவுக்கும் வெட்டி கையால தள்ளி பாருங்க. பாயிண்ட்ட தாண்டி இன்ஜின் நிக்க இடம் விட்டீங்களான்னு அங்க தான் தெரியும், முக்கால்வாசி பேர் மறக்கறது அந்த 20 செமீய தான்.

ராயபுரம் வாசகர்: எங்கப்பா பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் எலக்ட்ரிக் வண்டில தான் வேலைக்கு போனாரு. அத மாடலா பண்ண எந்த டிராக்?

1856ல தென்னிந்தியாவோட முதல் ரயில் கெளம்பின ஊர்ல இருந்துக்கிட்டு 1931ல ஓட ஆரம்பிச்ச வண்டிய கேக்கறீங்க, நல்ல கேள்வி. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கடைல விக்கற ஹெச்ஓ டிராக் 16.5 மிமீ, அது ஐரோப்பா, அமெரிக்காவோட 1435 மிமீ லைனுக்கு போட்ட கணக்கு. நம்ம பிராட் கேஜ் 1676 மிமீ, அத 87ஆல வகுத்தா 19.3 வரணும். அதனால ஹெச்ஓல ஓடற நம்ம ஊரு வண்டி எல்லாமே கால ஒடுக்கிக்கிட்டு தான் நிக்குது, பழகிடும், யாரும் கண்டுக்கறதில்ல. ஆனா மீட்டர் கேஜ் 1000 மிமீ, வகுத்தா 11.5, அதுக்குன்னு ஹெச்ஓஎம்னு 12 மிமீ டிராக்கே விக்குது. அரை மிமீ தான் வித்தியாசம். அப்பாவோட வண்டி தான் நம்மள்லயே சரியான அகலத்துல நிக்க போகுது!

பெட்டி நீங்களே தான் செய்யணும், பிளாஸ்டிக் ஷீட்டோ 3டி பிரிண்டோ. அடியில மோட்டாரும் சக்கரமும் ஸ்விட்சர்லாந்து மீட்டர் கேஜ் மாடல்ல இருந்து எடுக்கலாம், விலை கண்ண கட்டும். டிடி ஸ்கேல் (1:120) வண்டிக்கும் 12 மிமீ தான், அதோட சேஸிஸ்ஸ வாங்கி மேல நம்ம பெட்டிய கவுக்கறது சல்லிசு. டிராக் மட்டும் டிடி வேணாம், ஸ்லீப்பர் கட்டை சின்னதா நெருக்கமா இருக்கும், ஹெச்ஓஎம்மே வாங்குங்க.

காசிமேடு வாசகர்: செகண்ட் ஹேண்ட்ல மலிவா டிராக் வாங்கினேன். ஒரு வாரம் நல்லா ஓடிச்சு, இப்ப இன்ஜின் விட்டு விட்டு போகுது, லைட்டு மினுக்குது. மோட்டார் போச்சா?

மோட்டார் மேல பழி போடாதீங்க, உங்க கடல் காத்து தான். தண்டவாளத்து மேல காந்தம் வெச்சு பாருங்க, ஒட்டிச்சுன்னா ஸ்டீல். பாக்மேன் கம்பெனியோட ஈஸி டிராக்லயே ஜல்லி மாதிரி இருக்கற அடிப்பாகம் கறுப்பா இருந்தா ஸ்டீல், சாம்பல் கலர்ல இருந்தா நிக்கல் சில்வர். ஒட்டாம மஞ்சளா இருந்தா பித்தளை, அதுவும் வேஸ்ட், அதுல படியற ஆக்சைடு கரன்ட்ட விடாது. நிக்கல் சில்வரும் மங்கும் தான், ஆனா இவ்ளோ சீக்கிரம் மக்கர் பண்ணாது. பேர பாத்து வெள்ளின்னு நெனச்சுக்காதீங்க, செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்ளோதான்.

இப்போதைக்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால துணில தொட்டு தொடைங்க, இன்ஜின் சக்கரத்தையும் சேத்து. உப்புத்தாள் மட்டும் போடாதீங்க, கீறல் விழுந்தா அதுல தான் அழுக்கு உக்காரும். ரெண்டு தண்டவாளத்த சேக்கற ஜாயினர் வழியா கரன்ட் போகும்னு நம்பாம மூணடிக்கு ஒரு தடவ ஒயர் சால்டர் பண்ணிடுங்க. பிளைவுட்டுக்கு ரெண்டு பக்கமும் ஓரமும் வார்னிஷ் அடிங்க, இல்லன்னா ஐப்பசி மழைல ஊறி உப்பிடும். சித்திரை பொறக்கும்போது உங்க லைன் பாம்பு மாதிரி கெடக்கும்.

வியாசர்பாடி வாசகர்: மச்சான் லண்டன்ல இருந்து ஹார்ன்பி செட் கொண்டு வரான். என்கிட்ட இருக்கறது ஹெச்ஓ டிராக். ஓடுமா?

ஓடும். ஹார்ன்பின்ற பிரிட்டிஷ் கம்பெனி பண்றது ஓஓ ஸ்கேல், 1:76, ஆனா டிராக் அதே 16.5 மிமீ. அந்த காலத்துல பிரிட்டிஷ் இன்ஜின் சைஸு சின்னதா இருந்ததால 1:87ல பண்ணா உள்ள மோட்டார் நுழையல, உடம்ப மட்டும் பெருசாக்கிட்டு டிராக்க அப்படியே விட்டுட்டாங்க. பக்கத்துல ஹெச்ஓ பெட்டிய நிறுத்தாதீங்க, அண்ணன் சட்டைய தம்பி போட்ட மாதிரி இருக்கும். டிராக் மேல கோட் நம்பர் பாத்துக்கோங்க, கோட் 100ன்னா தண்டவாளத்தோட உயரம் 2.54 மிமீ, ஹார்ன்பி செட்ல வர்றது அது தான். உங்களோடது 75ஓ 83ஓன்னா மாத்தி சேக்கற ஜாயினர் தனியா வாங்கணும், அதையும் மச்சான்கிட்டயே சொல்லிடுங்க, கெளம்பறதுக்கு முன்னாடி.