உலகில் மனநலப் பாதிப்பு உள்ளவர்கள் 8 பேரில் ஒருவரா, 7 பேரில் ஒருவரா?

7 பேரில் ஒருவர் என்றே உங்கள் கட்டுரையில் போடுங்கள். மனநலப் பாதிப்பு பற்றி நீங்கள் பார்த்த இரண்டு கணக்கும் உலக சுகாதார நிறுவனத்தினுடையவைதான், 7-ல் ஒருவர் என்பது புதியது.

குழப்பம் அநேகமாக ஆண்டால் வந்தது. 2022 அறிக்கை சொன்னது 2019 நிலவரத்தை: சுமார் 97 கோடிப் பேர், 8-ல் ஒருவர். 2025-ல் வந்தது 2021 நிலவரம்: ஏறத்தாழ 110 கோடி, 7-ல் ஒருவர். இனி எந்த எண்ணை எடுத்தாலும், அறிக்கை வெளியான ஆண்டை விட்டுவிட்டு, தரவு எந்த ஆண்டுக்கானது என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: இரண்டையும் கழித்து "இரண்டே ஆண்டில் 13 கோடி கூடியது" என்று எழுதுவது. ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுகளின் மதிப்பீட்டையும் சேர்த்தே திருத்துகிறார்கள். கொரோனா காலத்தில் மனச்சோர்வும் பதற்றமும் கூடின, சரி. ஆனால் அதை இந்தக் கழித்தலால் அளக்க முடியாது.

அப்புறம், லட்சம் பேருக்கு 13 "மனநல மருத்துவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது மனநலப் பணியாளர்கள். செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர் எல்லாரும் அதில் அடக்கம். அதுவும் சராசரி அல்ல, நாடுகளை வரிசையாக வைத்தால் நடுவில் வரும் எண். ஏழை நாடுகளில் ஒருவர் அல்லது இருவர், பணக்கார நாடுகளில் 60-க்கும் மேல். இந்த இடைவெளியைச் சொல்லாமல் 13 என்று மட்டும் போட்டுப் பயனில்லை.