உரிய விலையா, தகுந்த விலையா, ஞாயமான விலையா? மனுவுல எத எழுதறது

போச்சம்பள்ளி பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு மாந்தோப்பு, பூரா பெங்களூரா காய், சீசன் நேரத்துல மாங்கூழ் ஃபேக்டரில விலைய இறக்கிட்டாங்களாம், திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கணும். இவங்க "உரிய விலை"ன்னு எழுதிக் குடுத்தா டைப் அடிக்கறவர் "தகுந்த விலை"ன்னு மாத்திட்டாரு, அப்பா என்னடான்னா "ஞாயமான விலைன்னு போடும்மா"ங்கிறாரு. மூணும் ஒண்ணுதானேன்னு கேக்கறாங்க. போர் தண்ணி பத்தியும் ஒரு சந்தேகம் கேட்டிருக்காங்க, அது கடைசில.

மூணும் ஒண்ணு இல்லம்மா. இந்த மனுவுக்கு உங்கப்பா சொன்னதுதான் நிக்கும்.

உரியதுன்னா ஏற்கனவே உங்களுதுன்னு முடிவானது. கரும்பு போட்டவங்க அத தைரியமா எழுதலாம், ஏன்னா அதுக்கு மத்திய அரசு வருஷா வருஷம் விலை அறிவிக்குது, 2009-ல இருந்து அந்த விலைக்குப் பேரே "நியாயமான, லாபகரமான விலை", அதுவுமில்லாம 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு போய் சேந்த 14 நாளுக்குள்ள பணம் வரணும், தள்ளிப்போனா வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி. அதனால அவங்க கேக்கற பாக்கி "உரிய தொகை"தான், யாரும் மறுத்துப் பேச முடியாது. மாங்காய்க்கு அப்படி ஒண்ணுமே இல்ல. குறைந்தபட்ச ஆதரவு விலை லிஸ்ட்ல நெல்லு இருக்கு, ராகி இருக்கு, மாங்கா இல்ல. நீங்க "உரிய விலை"ன்னு எழுதி, அங்க உக்காந்திருக்கறவர் "எது உரியது, எந்த ஆர்டர்ல இருக்கு"ன்னு கேட்டுட்டா காட்டறதுக்கு ஒரு தாளும் இருக்காது.

"தகுந்த" அதவிட மோசம். எது தகுந்ததுன்னு தீர்மானிக்கற வேலைய படிக்கறவர் கையிலயே குடுத்துடறோம். மனுவுக்கு கடைசில எல்லாரும் "தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு"ன்னு எழுதறாங்களே, ஃபைல மூடி வெக்கறதும் அவருக்குத் தகுந்த நடவடிக்கையா படலாமில்ல? என்ன பண்ணணும்னு நேரா எழுதுங்க: ஃபேக்டரிக்காரங்க, விவசாயிங்க ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு வெச்சு விலை பேசணும்னு. இத்தனைக்கும் தகுதிங்கறது ஒரு காலத்துல பெரிய சொல்லு, குறள்ல நடுவு நிலைமை அதிகாரம் ஆரம்பிக்கறதே அந்த சொல்லுலதான், அங்க அதுக்கு எந்தப் பக்கமும் சாயாம நிக்கறதுன்னு அர்த்தம். இப்ப தகுதின்னா பத்தாவது பாஸா டிகிரியான்னு ஆயிடுச்சு.

ஞாயம்னா ரெண்டு பக்கத்தையும் கேட்டுட்டு சொல்றது. ஊர்ல பெரியவங்க உக்காந்து ஞாயம் பேசறாங்கன்னு சொல்றோமே அதேதான். ஆனா சும்மா "நியாயமான விலை வேணும்"னு மட்டும் எழுதிட்டு வந்துடாதீங்க, ஞாயம் கேக்கறவங்கதான் முதல்ல கணக்க எடுத்து வெக்கணும். உரம், மருந்தடிச்ச கூலி, பறிப்புக் கூலி, டெம்போ வாடகை எல்லாம் கூட்டி கிலோவுக்கு என்ன அடக்கம் வருது, அவங்க என்ன குடுத்தாங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, எழுதிட்டு "இந்த விலை கட்டுபடியாகல"ன்னு மண்டில பேசற மாதிரியே போடுங்க, கொச்சையா இருக்குன்னு டைப் அடிக்கறவர் அத மாத்த வந்தா விடாதீங்க. என்னக் கேட்டா மனுவுலயே பலமான வார்த்தை அதுதான், கருணையும் கேக்கல கோவமும் படல, வெறும் கணக்கு.

"சரியான விலை" வேணாம். சரியான வெயிலு, சரியான ஏமாத்துக்காரன்னு எல்லாத்துக்கும் ஒட்டி ஒட்டி அந்த வார்த்தை தேஞ்சே போச்சு. நேர்மைங்கறது ஆளுக்கு சொல்றது, விலைக்கு ஒட்டாது. தர்மத்தப் பத்தி பேசவே வேணாம், 2004-ல கிருஷ்ணகிரி தனியா பிரியற வரைக்கும் நாம எல்லாருமே தர்மபுரி மாவட்டம்தான், ஆனாலும் பேச்சுல அது பிச்சை போடறதுக்கும் தர்ம அடிக்கும்தான் மிஞ்சியிருக்கு. எடையில கழிவுன்னு சொல்லாம கொள்ளாம பிடிச்சிருந்தாங்கன்னா அங்க மட்டும் "முறையில்லாம"ங்கற வார்த்தை வரணும், ஏன்னா அது விலைப் பிரச்சனை இல்ல, நடைமுறைப் பிரச்சனை. எடைச் சீட்டு ஜெராக்ஸ் சேத்து வைங்க.

இப்ப தண்ணி. "குடிக்கக்கூடிய தண்ணி இல்ல"ன்னு எழுதலாமான்னு கேட்டீங்க. கூடியன்னா முடியும்கறது, எந்தத் தண்ணியையும் குடிக்க முடியும், நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் ஃப்ளோரைடு தண்ணியக் குடிச்சு பல்லு காவியானவங்க எத்தனையோ பேரு. தக்கன்னாதான் குடிக்கலாம்னு ஆகும். குடிதண்ணிக்குன்னு இருக்கற இந்தியத் தரநிலை 10500-ல ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் ஏற்கத்தக்கது, வேற தண்ணிக்கு வழியே இல்லாத இடத்துல 1.5 வரைக்கும் விடலாம்னு இருக்கு. அதனால முதல்ல தண்ணிய டெஸ்டுக்குக் குடுங்க, 1.5-க்கு மேல வந்தா "குடிக்கத்தக்கதல்ல"ன்னு தயங்காம எழுதுங்க, ரிப்போர்ட்ட பின் பண்ணுங்க. மாங்கா மனுவோட சேக்காம தனித் தாள்ல குடுங்க, ரெண்டும் வேற வேற டிபார்ட்மெண்ட்டுக்குப் போகணும், ஒரே மனுவா இருந்தா ஒரு இடத்துலயே படுத்துக்கும்.