பூட்டிக் கிடக்கும் முன்னறைகள்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நான் வன்னியிலுள்ள விசுவமடுவில் வசிக்கும் ஓர் ஆசிரியை. சுவிஸிலிருக்கும் அண்ணா அனுப்பிய பணத்தில் எங்கள் வளவில் புதிய வீடு கட்டிச் சில வருடங்களாகின்றன. முன்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் சீலிங் அடித்து, ரைல்ஸ் பதித்து, ஒன்றுக்கு ஏசியும் பூட்டியிருக்கிறோம். அண்ணா குடும்பம் இதுவரை இரண்டு தடவைதான் வந்து நின்றது. மற்ற நாள்களில் அவை பூட்டியே கிடக்கின்றன. அம்மாவும் அப்பாவும் பின்விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகனும் அங்கேதான் நுளம்புக்கடியில் இருந்து படிக்கிறான். புதிய குசினியில் ஒரு தேத்தண்ணிகூட வைத்ததில்லை. சோபாவின் பொலித்தீன் உறையும் இன்னும் கழற்றப்படவில்லை. கேட்டால், “அவன் வந்தால் எங்கே படுப்பான்?” என்கிறார் அம்மா. இது பகட்டா, பலர் சொல்வதுபோல் போர் தந்த பழக்கமா? நானே பூட்டைத் திறந்து மகனின் மேசையை உள்ளே போட்டால் பிழையா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

இதைப் பகட்டு என்று நான் நினைக்கவில்லை. பகட்டுக்காரர் அறையைத் திறந்துவைத்து ஊரையே கூப்பிட்டுக் காட்டுவார். உங்கள் அம்மாவோ அதைப் பூட்டித் திறப்பைத் தன் கைக்குள் வைத்திருக்கிறார்.

போர் தந்த பழக்கம் என்பதில் உண்மை உண்டு. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஒருமுறையும், 2008இன் பிற்பகுதியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே கிழக்கே மறுமுறையும் நகர்ந்த சனங்கள், கூரைத் தகரத்தையும் கதவு நிலைகளையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனதை உங்கள் வயதுக்காரர்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள். மனிக்பாம் அகதி முகாமில் தறப்பாளின் கீழ் இருந்துவிட்டுத் திரும்பியபோது பலருக்குச் சுவர்தான் மிஞ்சியிருந்தது, சிலருக்கு அதுவுமில்லை. அப்படி இழந்தவர்கள் புதிய பொருளைப் பொத்திப் பொத்தி வைப்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த விளக்கத்தோடு நின்றுவிட்டால் ஒன்று இடிக்கிறது. போருக்குப் பின் இந்திய அரசின் உதவியில் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் 2012இன் இறுதியிலிருந்து 550,000 ரூபாவைக் கட்டங்கட்டமாகப் பெற்று, ஏறத்தாழ 550 சதுர அடியில், தாங்களே மேசனோடு நின்று மண் குழைத்துக் கல் எடுத்துக்கொடுத்து வீடு கட்டியவர்களும் அதே போரைக் கண்டவர்கள்தாம். அந்த வீடுகளில் பூட்டிய அறை இருக்கிறதா என்று உங்கள் ஒழுங்கையிலேயே பாருங்கள். பூச்சுப் பூசாத சுவரில் பள்ளிக்கூடப் பைகள் தொங்கும். காலபோக நெல் அறுவடை முடிந்துவிட்டால் அறைக்குள் நெல்மூட்டைகள் அடுக்கப்பட்டு, மிஞ்சிய இடத்தில் பிள்ளைகள் இருந்து படிப்பார்கள். இடம் போதாமை ஒரு காரணம்தான். ஆயினும் அந்த வீடு தங்களுடையது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

உங்கள் பெற்றோருக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது என்று எண்ணுகிறேன். மகன் குளிரில் வேலைசெய்து அனுப்பிய காசில் எழுந்த சுவர்களை அவர்கள் மகனின் பொருளாகப் பார்க்கிறார்கள். தங்களை அதற்குக் காவல் நிற்பவர்களாக நினைக்கிறார்கள். கடதாசியில் நிலைமை நேர்மாறாக இருக்கக்கூடும் என்பதுதான் வேடிக்கை. வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் பல காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்துக்குக் கொடுக்கப்பட்ட அரச காணிகள். உங்களுடையதும் அப்படியானால் அந்தப் பத்திரத்தில் இருப்பது அப்பாவின் பெயராகவே இருக்கும். அந்தக் காணியில் குடியிருந்து பயன்செய்ய வேண்டியவரும் அவரே. சட்டத்தின் கண்ணில் வீட்டுக்காரராக இருக்கும் மனிதர், மனத்தளவில் மகனுடைய வீட்டு வாச்சராக விறாந்தையில் படுத்திருக்கிறார்.

வருகிறவருக்கு நல்ல இடத்தை ஒதுக்குவது நமக்குப் புதிதன்று. நடுமுற்றம் வைத்த பழைய நாற்சார் வீடுகளில், முன்கூடமான தலைவாசல் அதற்காகவே இருந்தது. ஆனால் அதற்குப் பூட்டில்லை. வந்தவர் எழுந்து போனதும் வீட்டுப் பெரியவர் அங்கேயே சால்வையை விரித்துச் சரிந்துகொள்வார். இன்று எதிர்பார்க்கப்படும் விருந்தாளி ஒரேயொருவர், அவரும் ஓகஸ்ட் விடுமுறைக்கோ வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கோ விமானச் சீட்டு அமைந்தால் வருகிறவர் என்பதால்தான், நல்ல இடம் ஆண்டு முழுவதும் ஆளின்றிக் கிடக்கிறது.

எல்லாவற்றையும் மாற்றப் புறப்படாதீர்கள். குசினி விடயத்தில் நான் அம்மாவின் பக்கம். அந்தப் புதிய குசினி காஸ் அடுப்பை நினைத்துக் கட்டப்பட்டது; விறகும் பொச்சுமட்டையும் எரித்து, நெல் அவித்து, நாலு பேருக்குச் சமைக்கிற கைக்கு வெளிக்கொட்டில்தான் வசதி. விறாந்தைப் படுக்கையும் அப்படியே: வைகாசி, ஆனி வெக்கையில் சீலிங் அடித்த அறையைவிட அங்கே காற்று வரும். முதியவர்கள் விரும்பிப் படுக்கும் இடத்தையெல்லாம் தியாகம் என்று கணக்கெழுதக் கூடாது.

மகனின் மேசை வேறு விடயம். அது உள்ளே போகத்தான் வேண்டும், பரீட்சைக்காக மட்டுமன்று. மழைக்காலம் முழுவதும் பூட்டியிருக்கும் அறையில் மெத்தை மணக்கத் தொடங்கும். கதவு நிலையின் அடியில் கரையான் மண் ஏறினால் அது மேலே போகும்வரை யாரும் அறியமாட்டார்கள். ஆள் புழங்கினால் முதல் நாளே கண்ணில் படும். அண்ணாவின் பொருளைக் காப்பதுதான் அம்மாவின் நோக்கமென்றால், திறந்து வைப்பதே அதற்கு வழி என்று அவருக்கு அந்த நிலையைக் காட்டியே சொல்லலாம்.

இருந்தாலும் நீங்களாகப் பூட்டைத் திறக்காதீர்கள். திறந்தால் அது அண்ணனின் அறைக்குள் தங்கை புகுந்த கதையாகிவிடும். நாளைக்குச் சீதனம், பங்கு என்று பேச்சு வரும்போது அதையும் சேர்த்து எடுப்பார்கள். அண்ணாவிடம் நேரடியாகக் கேளுங்கள். அம்மா, அப்பா இருவரும் பக்கத்தில் இருக்கும்போது, அவர் தன் வாயாலேயே, “அம்மா, அந்த அறையில் மருமகன் படிக்கட்டும், அடுத்ததை நீங்கள் எடுங்கோ, நான் வந்தால் விறாந்தையில் படுப்பன்” என்று சொல்ல வேண்டும். வட்சப் அழைப்புகளில் அவருக்கு ஹோலும் முன்வாசலும்தான் காட்டப்படுகின்றன என்று நினைக்கிறேன். பின்விறாந்தையில் மகன் படிக்கும் இடத்தையும் ஒருநாள் இரவில் காட்டுங்கள். தன் பெற்றோர் எங்கே படுக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

ஏசியைப் பற்றி யாரும் பயப்பட வேண்டியதில்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூட்டப்பட்டதை நேரில் அனுபவித்த குடும்பங்களில் அதைச் சும்மா போட யாருக்கும் மனம் வராது. யன்னலுக்கு நுளம்பு வலை அடித்து ஒரு மின்விசிறி வைத்தால் பையனுக்குப் போதும்.

சோபாவின் பொலித்தீனை மட்டும் யாரையும் கேளாமல் கழற்றிவிடுங்கள். கோடையில் அதன்மேல் ஐந்து நிமிடம் இருந்து பார்த்த எந்த விருந்தாளியும் உங்களைக் குறை சொல்லமாட்டார்.