கொலஸ்ரோல் குளிசை கடும் இன்ஃப்ளுவன்சாவுக்கும் உதவுமா?

அம்மா போடும் அட்டோர்வஸ்டட்டின் ஃப்ளூவுக்கும் நல்லதாமே என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு அதற்குச் சரியான ஆதாரம் இல்லை.

வைரசைத் தடுக்கும் ஒசெல்டாமிவிர், காய்ச்சல் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். இழுக்க இழுக்க மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்குப் பெரும்பாலும் அந்த நேரம் தாண்டியிருக்கும். அப்போது நுரையீரலைக் கெடுப்பதில் உடம்பின் சொந்த அழற்சிக்கும் (கிருமியை எதிர்க்கும்போது உடம்பில் வரும் வீக்கத்துக்கும்) பங்குண்டு. அதை அடக்கத்தான் மலிவான, பக்கவிளைவு தெரிந்த பழைய மருந்துகளைத் தேடுகிறார்கள். ஸ்டட்டின் (அட்டோர்வஸ்டட்டின் வகைக் கொலஸ்ரோல் குளிசை) போட்டவர்களில் இறப்புக் குறைவு என்று சில ஆய்வுகள் சொன்னது உண்மை. ஆனால் அவர்கள் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறவர்களாகவும் இருக்கலாமே! இறப்புக் குறைந்தது அதனாலும் இருக்கலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஹொங்கொங்கில் செய்து 2017இல் வெளியான ஆய்வு. ஆஸ்பத்திரியில் இருந்த 217 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒசெல்டாமிவிருடன் கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக்கும், அழற்சியைக் குறைக்கும் வலி மருந்தான நப்ரொக்சனும் கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அவர்களில் 30 நாளுக்குள் இறப்புக் குறைவு. சிறிய ஆய்வுதான்.

இதைப் பார்த்துவிட்டு பாமசியில் நப்ரொக்சன் வாங்கிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்து மாரியில் வரும் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். டெங்குவில் நப்ரொக்சன் இரத்தக்கசிவைக் கூட்டும். இரத்தம் சோதிக்கும்வரை பனடோல் மட்டும், அதுவும் அளவோடு.

கொரோனாவில் உயிர் காத்த டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தும் ஃப்ளூவில் நிரூபணமாகவில்லை.

அம்மா தன் குளிசையைக் கூட்டவும் வேண்டாம், தானாக நிப்பாட்டவும் வேண்டாம். ஆனால் அம்மா அதைப் போடுகிறார் என்று டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்: அட்டோர்வஸ்டட்டினோடு கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் தசை பாதிக்கப்படலாம்.