ஸ்டியரிங் உதறுது, வண்டி இழுக்குது: டெல்டாவின் பழைய ஸ்போர்ட்ஸ் வண்டிக்காரர்களுக்குக் கேள்வி பதில்

15, 20 வருடமும் அதற்கு மேலும் பழைய வேக வண்டிகளை இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை. ஒரே ஒரு வேண்டுகோள். "வண்டி உதறுது" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வேகத்தில், கையிலா இருக்கையிலா, ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதா விடும்போதா பிரேக் பிடிக்கும்போதா என்று எழுதினால் பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

கும்பகோணம், ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 2002: அண்ணே, 80 தாண்டினதும் ஸ்டியரிங் உதற ஆரம்பிக்குது, 110-க்கு மேல போனா அடங்கிடுது. ரெண்டு கடையில பேலன்ஸ் பார்த்தாச்சு, மெஷின்ல சைபர்னுதான் காட்டுது. ரிம் வெளியில வாங்கின 14 இஞ்ச் அலாய், டயர் 185/60.

தம்பி, கையில் மட்டும் உதறினால் முன் சக்கரம்தான். உங்கள் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் ஓடும். மணிக்கு 80 கி.மீ. என்றால் நொடிக்கு 22 மீட்டர், அதாவது நொடிக்கு 12 சுற்று. சக்கரமும் சஸ்பென்ஷனும் இயல்பாகத் துள்ளும் துடிப்பும் அந்த 10, 15-க்குள்தான் வரும். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் சின்னக் குறைகூடப் பெரிதாகத் தெரியும், தாண்டினால் அடங்கும். அடங்கிவிட்டதே என்று 120-ல் ஓட்டாதீர்கள், குறை அங்கேயேதான் இருக்கிறது.

மெஷினில் சைபர், ரோட்டில் உதறல் என்றால், மெஷின் ரிம்மைப் பிடித்த விதமும் வண்டி பிடிக்கிற விதமும் வேறு என்று அர்த்தம். மெஷின் ரிம்மின் நடு ஓட்டையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது. உங்கள் ஹோண்டாவில் சக்கரம் ஏறி உட்காரும் ஹப்பின் நடுக் கழுத்து 56.1 மி.மீ. வெளியில் விற்கும் அலாய்களுக்குப் பல வண்டிகளுக்கும் பொருந்தட்டும் என்று 67.1 அல்லது 73.1 வைத்திருப்பார்கள். நடுவில் அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் இல்லாவிட்டால் ரிம் நட்டுகளை மட்டும் நம்பி அரை மி.மீ. தள்ளி உட்கார்ந்துவிடும். உள்ளே 56.1, வெளியே உங்கள் ரிம் அளவு என்று கேட்டு ரிங் வாங்குங்கள். நட்டையும் பாருங்கள்: ஹோண்டாவின் சொந்த அலாய்க்கு அடிப்பாகம் உருண்டையான நட்டு, வெளி அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு நட்டு. மாற்றிப் போட்டால் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போதே எதிரெதிராக மெல்ல இறுக்கி, இறக்கியபின் 108 நியூட்டன் மீட்டருக்கு முடியுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் சேற்றைப் பாருங்கள். அறுவடை நேரத்தில் டிராக்டர் வயலிலிருந்து ரோட்டுக்கு இழுத்து வரும் களிமண் ரிம்மின் உள்பக்கம் அப்பிக் காய்ந்தால் செங்கல்தான். பேலன்ஸ் வெயிட் 10, 15 கிராம். ஒரு கைப்பிடி மண் அதைப்போல் பத்து மடங்கு. மண்ணோடேயே பேலன்ஸ் செய்து அனுப்பும் கடைகளும் உண்டு. இரண்டு நாளில் மண் உதிரும், உதறல் திரும்ப வரும்.

கடைசியாக, காசில்லாத சோதனை ஒன்று. முன் சக்கரம் இரண்டையும் பின்னால், பின்னவற்றை முன்னால் மாட்டி ஓட்டுங்கள். உதறல் கையிலிருந்து இருக்கைக்குப் போனால் குறை சக்கரத்தில். கையிலேயே நின்றால் ஹப், டிஸ்க், ஜாயிண்ட் பக்கம் தேடுங்கள். ரிம் வளைவு பார்க்க, சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டு வைத்து, பக்கத்தில் செங்கலை அடுக்கி அதன் மேல் ஒரு பென்சிலை ரிம் விளிம்பை ஒட்டினாற்போல் வையுங்கள். கையால் மெதுவாகச் சுற்றும்போது பென்சிலுக்கும் ரிம்முக்கும் இடையே தெரியும் வெளிச்சக் கீற்று விரிந்து சுருங்கினால் வளைவு. 1 மி.மீ. கூடினாலே கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இரும்பு ரிம்முக்குப் பெண்டு எடுக்கலாம். அலாயைச் சூடுபடுத்தித் தட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள், விரிசல் பிறகு தெரியும்.

மன்னார்குடி, ஃபியட் பாலியோ 1.6: வேற வண்டி அலாய் போட்டேன். நாலு போல்ட்டும் ஏறுச்சு. ஆனா 60-லேயே ஆடுது, ஒரு போல்ட் லூசாகிடுச்சு.

வண்டியை அப்படியே நிறுத்துங்கள். பாலியோவுக்கு 4 ஓட்டை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 98 மி.மீ. நீங்கள் போட்டது 100 ஆக இருக்கும். சந்தையில் கிடைப்பதில் பெரும்பாலானவை அதுதான். வித்தியாசம் 2 மி.மீ. தானே என்று தோன்றும். ஒவ்வொரு போல்ட்டும் 1 மி.மீ. சாய்ந்து ஏறுகிறது, கூம்பு ஒரு பக்கம்தான் உட்காருகிறது, ஓட ஓடத் தளர்கிறது. ஒருநாள் கழுத்தில் முறியும். சரியான 98 ரிம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கூம்பு தனியாக நகரும் போல்ட்டும், நடுவில் 58.1 ஹப் ரிங்கும் சேர்த்துப் போட வேண்டும். அலாயின் தடிமன் கூடுதல் என்பதால் போல்ட் நீளத்தையும் பாருங்கள். 12 மி.மீ. போல்ட், 1.25 பிட்ச். குறைந்தது 10 சுற்று மரை பிடிக்க வேண்டும். ஏழில் நின்றால் போல்ட் குட்டை. கழற்றிய பழைய போல்ட்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

திருவாரூர்: 90-ல பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் படபடன்னு அடிக்குது சார். லேத்துல டிஸ்க் கடைஞ்சேன், மூணு மாசத்துல மறுபடியும் அதே.

டிஸ்க் வளைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, தடிமன் ஏறி இறங்குகிறது. ஹப் முகத்தில் துரு ஒரு பொட்டு இருந்தாலும் அதன்மேல் உட்காரும் டிஸ்க் சாய்ந்து சுற்றும். சுற்றுக்கு ஒருமுறை பிரேக் பேட் அதே இடத்தை உரசும். இரண்டாயிரம், மூவாயிரம் கி.மீ.க்குள் அந்த இடம் தேயும் அல்லது பேட் மசி படியும். லேத்தில் கடைந்தவர் டிஸ்க்கைச் சரிசெய்தார், ஹப்பை யாரும் தொடவில்லை. அதனால்தான் மூன்று மாதக் கணக்கு.

டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகும்வரை தேயுங்கள். போல்ட் அடியைச் சுற்றித்தான் துரு ஒளிந்திருக்கும். மாட்டி, எல்லா நட்டையும் போட்டு இறுக்கி, விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே டயல் கேஜ் (ஆட்டத்தை மி.மீ. கணக்கில் காட்டும் கருவி) வைத்துச் சுற்றுங்கள். ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது, 0.10 தாண்டினால் டிஸ்க்கை ஒரு ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் கடைவது வீண். பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பின் இரண்டும் விரலால் தள்ளினால் நகர வேண்டும். மழை வெள்ளத்தில் நின்ற வண்டியில் ஒன்றாவது இறுகியிருக்கும்.

அடி கையில் இல்லாமல் இருக்கையில் வந்தால் பின் டிரம். ஆளில்லாத நேர்ரோட்டில் 40-ல் ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அழுத்தியபடியே மெல்ல இழுங்கள். முதுகில் தட்டினால் டிரம் முட்டை வடிவமாகிவிட்டது.

நாகப்பட்டினம், மிட்சுபிஷி லான்சர்: மிதிச்சா மட்டும் 60-லேர்ந்து 90 வரைக்கும் வண்டியே பக்கவாட்டுல ஆடுது. காலை எடுத்தா நிக்குது. வேகத்தடையில அடி தட்டுதுன்னு முன்னாடி ஸ்பேசர் போட்டு ஒரு இஞ்ச் தூக்கியிருக்கேன்.

கடைசி வரியில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். இழுவை ஏறும்போது மட்டும் வரும் ஆட்டம் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட். அதில் மூன்று உருளைகள் கிண்ணத்தின் தடத்தில் ஓடும். வண்டியைத் தூக்கியதால் ஷாஃப்ட்டின் கோணம் கூடி, உருளைகள் வழக்கமாக ஓடாத இடத்தில் ஓடுகின்றன. முதலில் ஸ்பேசரைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் பாதியாகக் குறைந்தால் காரணம் உறுதி. குறையாவிட்டால் ஜாயிண்ட்டைத் திறந்து தடத்தில் விரலை ஓட்டுங்கள். நகம் தட்டும் பள்ளம் இருந்தால் மாற்றுவதுதான் வழி, புது கிரீஸ் ஒரு மாதம் ஏமாற்றும். திரும்பும்போது "டக் டக்" என்றால் அது வெளி ஜாயிண்ட், வேறு கதை.

ரோட்டில் பரப்பிக் காயும் வைக்கோல் மேல் ஓட்டியிருந்தால் ஷாஃப்ட்டில் கயிறு திரித்ததுபோல் சுற்றியிருக்கும். அது ரப்பர் பூட்டையும் கியர்பாக்ஸ் ஆயில் சீலையும் அறுக்கும். சைலென்சர் குழாய் பக்கம் சேர்ந்தால் தீயே பிடிக்கும். வண்டி ஆறியபின் கத்தியால் வெட்டி எடுங்கள், பிடித்து இழுக்காதீர்கள்.

தஞ்சாவூர், கான்டெஸா: ஸ்டியரிங்ல ஒண்ணுமில்ல. 70-க்கு மேல தரையும் சீட்டும் "ம்ம்ம்"னு அதிருது. சமீபத்துல கிளட்ச் வேலை பார்த்தோம்.

பின்சக்கர இழுவை வண்டி, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். அப்படியானால் புரொப்பல்லர் ஷாஃப்ட், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டு. அது சக்கரத்தைவிட ஏறத்தாழ நாலு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் உதறலாகத் தெரியாமல் ரீங்காரமாகத் தெரியும். 80-ல் நியூட்ரலில் விடுங்கள். அதிர்வு அப்படியே இருந்தால் இன்ஜினும் கிளட்சும் தப்பித்தன. கழற்றும்போது ஷாஃப்ட்டுக்கும் பின் ஆக்ஸில் ஃபிளாஞ்சுக்கும் சேர்த்துக் குறி போட்டிருக்க மாட்டார்கள். நாலு போல்ட்டை எடுத்து 180 டிகிரி திருப்பி மாட்டிப் பாருங்கள். இதிலேயே தீரக்கூடும். தீராவிட்டால் கிராஸ் ஜாயிண்ட்டைக் கையில் பிடித்து முறுக்குங்கள். துளி ஆட்டமோ துருத் தூளோ இருந்தால் மாற்ற வேண்டும். ஸ்லிப் ஜாயிண்ட் கழன்று மாறி ஏறியிருந்தால் இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேரில் இருக்காது, அதையும் பாருங்கள்.

மயிலாடுதுறை: அலைன்மென்ட் மூணு தடவை பார்த்தும் இடது பக்கமே இழுக்குது.

நாலாவது தடவைக்குக் காசு கொடுக்காதீர்கள். காற்றை நாலு டயரிலும் சரிபார்த்து, முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றுங்கள் (ஒருதிசை டயர் என்றால் இது கூடாது). இழுப்பு வலப்பக்கம் போனால் டயரின் உள்கட்டு கோணல். மாறாவிட்டால் 10 கி.மீ. பிரேக் தொடாமல் ஓட்டி நிறுத்தி, ரிம் அருகே கை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் காலிப்பர் விடவில்லை. இரண்டும் இல்லை என்றால் அலைன்மென்ட் தாளைப் பாருங்கள். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்துப் பயனில்லை, டோ நேர்இழுப்பை உண்டாக்குவது அரிது. கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) எந்தப் பக்கம் குறைவோ, பாசிட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாய்வது) எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். இரு பக்கக் கேஸ்டருக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருக்கும் அல்லது ஆர்ம் வளைந்திருக்கும். ஆற்றங்கரை ரோடுகள் ஓரம் சாய்ந்தே கிடக்கும். அங்கே எல்லா வண்டியும் கொஞ்சம் இடதுபுறம் போகும், அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

வேதாரண்யம்: ஐயா, ஸ்டியரிங்ல ரெண்டு விரல் ஆட்டம். பள்ளத்துல "லொட்டு"ன்னு சத்தம். மெக்கானிக் ரேக்கை டைட் பண்றேங்கறார்.

ரேக் ஸ்க்ரூவைத் தொட விடாதீர்கள். ரேக் (ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டு) நடுவில்தான் தேயும். நடுவுக்கு ஏற்ப இறுக்கினால் ஓரங்களில் பிடித்துக்கொள்ளும், வளைவில் திரும்பி வராது. முதலில் எங்கே ஆட்டம் என்று பாருங்கள்.

வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் இரண்டு அங்குலம் ஆட்ட, நீங்கள் ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் கையால் பிடியுங்கள். ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராட்டின் எண்டில் ஒரு பாதி அசைந்து மறுபாதி தாமதமாக வந்தால் விரலே சொல்லிவிடும். ரேக் பூட்டை அழுத்திப் பிடித்தால் உள் ரேக் எண்ட் தட்டுவதும் தெரியும். பிறகு தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் இரு கையால் பிடித்து ஆட்டுங்கள்: ஆட்டம் இருந்தால் டை ராட் பக்கம். மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள்: வீல் பேரிங்கா பால் ஜாயிண்ட்டா என்று சந்தேகம் வரும். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். பால் ஜாயிண்ட் என்றால் அன்றே மாற்றுங்கள், கழன்றால் சக்கரம் மடிந்துவிடும்.

உப்பளக் காற்றில் டை ராட் மரை துருவேறி இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்றே ஏற்றுங்கள். நட்டில் காட்டர் பின் ஓட்டை நேராகாவிட்டால் இன்னும் இறுக்கி நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. இதெல்லாம் முடிந்தபின்தான் அலைன்மென்ட். ஆட்டத்தோடு அலைன்மென்ட் செய்வது ஆடுகிற ஏணியில் நின்று ரசமட்டம் பார்ப்பது மாதிரி.

பட்டுக்கோட்டை: புஷ் எல்லாம் புதுசு போட்டதுலேர்ந்து ஸ்டியரிங் தானா நடுவுக்கு வரமாட்டேங்குது.

வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுக்க இறுக்கியிருப்பார்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டது. போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைச் சக்கரத்தில் நிற்க வைத்து நாலு முறை அழுத்திக் குலுக்கி, அந்த நிலையில் இறுக்குங்கள். இதை விட்டால் புது புஷ் ஒரே வருடத்தில் கிழியும். அப்படியும் சரியாகாவிட்டால் ஸ்ட்ரட் மேல் பேரிங்கைப் பாருங்கள். திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கித் தெறித்தால் அதுதான். ஹோண்டாவாக இருந்தால் பவர் ஸ்டியரிங்குக்கு ஹோண்டா எண்ணெய்தான், கியர் எண்ணெய் வகைகளை ஊற்றினால் சீல் ஊறிக் கசியும்.

தஞ்சாவூர், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்: வாரம் ஒரு நாள்தான் எடுப்பேன். காலையில முதல் பத்து கி.மீ. உதறும், அப்புறம் சரியாகிடும். டயர்ல பட்டன் நல்லா இருக்கு.

நின்றே இருந்ததால் டயர் அடி தட்டையாகிறது, சூடேறினால் உருண்டையாகிறது. பக்கச் சுவரில் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2316 என்றால் 2016-ன் 23-வது வாரம். பத்து வருடம் ஆனதைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கி எறிந்துவிடுங்கள். ஆறு தாண்டினால் வெடிப்பும் புடைப்பும் உண்டா என்று மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றினால், மாட்டும்போது அடி உருண்டையான போல்ட்தான், இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர்.

நன்னிலம்: அலைன்மென்ட்டுக்கு அப்புறம் வண்டி நேரா போகுது, ஸ்டியரிங் வீல் மட்டும் கோணலா நிக்குது. கழட்டி ஒரு பல் தள்ளி மாட்டித் தரேங்கறாங்க.

வேண்டாம். ரேக் நடுவுக்கு வராமலேயே நின்று, ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். ஏர்பேக் வண்டியென்றால் உள்ளே சுருண்டிருக்கும் வயரும் அறுந்துபோகலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டிவிட்டு, ஒரு டை ராடை எவ்வளவு நீட்டுகிறார்களோ மற்றதை அதே அளவு குறைக்கச் சொல்லுங்கள், டோ மாறாது. லாக் நட்டை இறுக்கும்போது ரேக் பூட் முறுக்கிக்கொள்ளாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.